ராஜாவிடம் மரம் கேட்டவர்
(சபையின் ஆண்டு விழா ஸ்தோத்திர ஆராதனைக்குப் பின் ஆற்றிய உரை)

 

அசனத்துக்குத் தட்டு அடுக்குகிற சத்தம் கேட்கிறது. ஆகையால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம்முடைய வாலிபர் சங்கம் ஒரு யோசனையைக் கமிட்டிக்கு முன்பாக வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஆலய மண்டபத்துக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட முற்றம் ஒன்று சும்மா கிடக்கிறது. உடைந்த நாற்காலிகளும் இரண்டு குப்பைத் தொட்டிகளும்தான் அங்கே குடியிருக்கின்றன. அதில் பலகைப் பாத்திகள் கட்டி, மண் நிரப்பி, கீரையும் காய்கறியும் போட்டு, அக்கம்பக்கத்தார் எல்லாரும் வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, பாடுபட்டு, பறித்துக்கொண்டு போகிற தோட்டமாக்கலாம் என்கிறார்கள். அதற்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதியை மானியமாக, நாம் வாயில் சொல்கிறபடி 'கிராண்ட்'டாக, கேட்டு வாங்கலாம் என்கிறார்கள். தோட்டத்துக்கு ஒருவரும் மறுப்பு சொல்லவில்லை. மானியம் என்றவுடன்தான் கமிட்டியில் குரல் உயர்ந்தது. நான் ஒரு சமூக மையத்தில் கணக்கு எழுதுகிறவன், இப்படிப்பட்ட விண்ணப்பங்களோடு பழகுகிறவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

எழுந்த தயக்கங்கள் லேசானவை அல்ல. ஒரு பெரியவர், "காணிக்கை கொடுத்துக் கட்டின சபை இது, இனிமேல் அடுத்தவனிடம் கையேந்தவா?" என்று கேட்டார். ஒரு அம்மா, "லாட்டரிப் பணத்தை ஆண்டவருடைய வீட்டுக்குள் கொண்டுவருவீர்களா?" என்றார்கள். இன்னொருவர், "அங்கே இயேசுவின் நாமத்தைச் சொல்லக்கூடாது என்று விதி போட்டிருந்தால் அந்தப் பணம் எதற்கு?" என்றார். மூன்றும் கேட்கவேண்டிய கேள்விகள்தான்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். டெஸ்கோ கடையில் சாமான் வாங்கினபின் கையில் நீல நிறத்தில் ஒரு வட்ட வில்லை தருவார்களே, அதை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் இந்த வட்டாரத்து வேலை ஒன்றின் பெயர் இருக்கும். உங்களுக்குப் பிடித்ததில் வில்லையைப் போடுவீர்கள். எதில் அதிகம் விழுகிறதோ அதற்கு அதிகப் பணம் போகும். இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் வாங்கத் தொடங்கினார்கள். அந்தக் காசைத்தான் முதலில் இப்படித் திருப்பிவிட்டார்கள். ஆக, கிராண்ட் என்றால் என்ன என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஊர்க் காசு ஓரிடத்தில் சேர்கிறது. ஊருக்கு எது நல்லது என்று கேட்டு அது ஊருக்கே திரும்புகிறது.

இது நேற்று முளைத்த ஏற்பாடும் அல்ல. லண்டன் பாலத்தை முதன்முதல் கல்லால் கட்டத் தொடங்கியது 1176-ல். கட்டினவர் பீட்டர் என்கிற ஒரு குருவானவர். முடியும்போது 1209 ஆகிவிட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அந்தப் பாலத்தின் நடுவிலேயே ஒரு சிற்றாலயம் இருந்தது. மரிக்கிற ஜனங்கள் உயில் எழுதும்போது 'தேவனுக்கும் பாலத்துக்கும்' என்று சொல்லி நிலத்தையும் வீட்டையும் எழுதிவைத்தார்கள். தேவனையும் பாலத்தையும் ஒரே வரியில் எழுத அவர்களுக்குக் கூசவில்லை பாருங்கள்! அந்தச் சொத்து எட்டு நூற்றாண்டாகப் பெருகியிருக்கிறது. 1894-ல் திறந்த டவர் பிரிட்ஜைக் கட்டினதும் அந்தப் பணமே. இன்று ஐந்து பாலங்களைப் பராமரித்து, மீதியாவதை 1995-லிருந்து லண்டன் முழுவதிலும் உள்ள தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். சிட்டி பிரிட்ஜ் ஃபவுண்டேஷன் என்று இப்போது பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ வங்கி என்று தோன்றும். அடியில் இருப்பது விசுவாசிகள் பாலத்துக்குக் கொடுத்த காணிக்கை.

இனி நம்முடைய சொந்த வட்டாரத்துக்கு வருவோம். இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் வெஸ்ட் ஹாம் பார்க் இருக்கிறது. நம் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவதும், கோடைகாலத்தில் சபை உல்லாசப் பயணம் என்று பிரியாணிச் சட்டியோடு நாம் போய் இறங்குவதும் அங்கேதான். 77 ஏக்கர். அது எப்படி நமக்குக் கிடைத்தது?

பதினெட்டாம் நூற்றாண்டில் அது ஜான் ஃபாதர்கில் என்கிற மருத்துவரின் தோட்டம். குவேக்கர் சபையைச் சேர்ந்த விசுவாசி. 1762-ல் வாங்கி, உலகத்தின் பல தேசங்களிலிருந்து செடிகளை வருவித்து, கண்ணாடி வீடு கட்டி வளர்த்தார். பிறகு அது கர்னி என்கிற வங்கிக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்களும் குவேக்கர்கள். சிறைச்சாலைப் பெண்களுக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை அம்மையார் அந்தக் குடும்பத்துப் பெண்; அண்ணன் தம்பிகளில் ஒருவரான சாமுவேல் கர்னியின் நிலத்தில், நம்முடைய அப்டன் லேனில் உள்ள ஒரு வீட்டில், 1829 முதல் பல வருஷம் குடியிருந்தார். பழைய ஐந்து பவுண்டு நோட்டில் முக்காடிட்ட ஒரு அம்மா இருந்தார்களே, அவர்கள்தான்.

1866-ல் அந்தக் குடும்பத்தின் பேர்பெற்ற நிதி நிறுவனம் முறிந்தது. லண்டனையே உலுக்கிய முறிவு அது. நிலத்தை விற்கவேண்டிய நிலைமை. அந்தக் காலத்து வெஸ்ட் ஹாம் எப்படிப்பட்டது தெரியுமா? துர்நாற்றமும் நச்சுப் புகையும் எழுப்புகிற தொழில்களை லண்டனுக்குள் நடத்தக்கூடாது என்று 1844-ல் ஒரு சட்டம் வந்தது. லீ ஆற்றுக்கு இந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே தொழிற்சாலைகள் ஆற்றைத் தாண்டி இங்கே வந்தன. கூலி ஜனங்களும் பின்னாலேயே வந்தார்கள். தெருத்தெருவாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அந்த 77 ஏக்கரும் வீட்டுமனையாகப் போயிருந்தால் நமக்கு இன்று ஒரு மரநிழல்கூட மிஞ்சியிருக்காது.

நிலத்துக்கு விலை 25,000 பவுண்டு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. லண்டன் சிட்டி கார்ப்பரேஷன் 10,000 கொடுத்தது. கஷ்டத்தில் இருந்த கர்னி குடும்பமே 10,000 கொடுத்தது, அதாவது விலையில் அவ்வளவை விட்டுக்கொடுத்தது என்று சொல்லலாம். மீதி 5,000? அதை இந்த வட்டாரத்து ஜனங்கள் வசூல் செய்தார்கள். 1874 ஜூலை 20-ஆம் தேதி பூங்கா திறக்கப்பட்டது. இனி என்றென்றைக்கும் பராமரிப்புச் செலவு தன்னுடையது என்று கார்ப்பரேஷன் ஏற்றுக்கொண்டது. நிர்வாகக் குழுவில் கர்னி வாரிசுகளுக்கும் வெஸ்ட் ஹாம் திருச்சபைக்கும் இடம் வைத்தார்கள்.

ஐயாயிரம் இல்லாவிட்டால் பத்தாயிரமும் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் மானியம் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, "உங்கள் பங்கு என்ன?" என்பதுதான். பங்கு பணமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இடம், ஆள், நேரம், தெரிந்த தொழில், எல்லாம் பங்குதான். ஆனால் வெறுங்கையோடு போகிறவருக்கு அவர்கள் கொடுப்பது அபூர்வம்.

நம்முடைய ஊர்களில் இதை அறியாதவர்களா நாம்? திருநெல்வேலிச் சீமையில் அம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கும் பிடியரிசி தெரியும். 1903-ல் பாளையங்கோட்டையில் அசரியா ஐயாவும் மற்றவர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பத்துக் கைகள் மாற்றி மாற்றி ஏலம் எடுத்த பரம்பரை. ஆகையால் அந்தப் பெரியவருக்கு வந்த கூச்சம் எனக்குப் புரிகிறது. அது நல்ல வித்திலிருந்து முளைத்த கூச்சம்.

ஆனால் நெகேமியாவைப் பாருங்கள்.

சூசான் அரமனையில் அர்தசஷ்டா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரர் அவர். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது, வாசல்கள் வெந்து போயின என்று சொந்தச் சகோதரன் வந்து சொல்கிறான். உட்கார்ந்து அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். உடனே ராஜாவிடம் ஓடவில்லை. ஏறக்குறைய நாலு மாதம் போகிறது. ஒருநாள் ராஜாவே, "உன் முகம் ஏன் துக்கமாயிருக்கிறது? நீ கேட்பது என்ன?" என்கிற கருத்தில் விசாரிக்கிறான். அப்போது நெகேமியா முதலில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணுகிறார், அப்புறம் ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். நம்முடைய தமிழில் ஜெபத்துக்கும் விண்ணப்பம் என்று பெயர், கவுன்சிலுக்கு நிரப்பிக் கொடுக்கிற தாளுக்கும் விண்ணப்பம் என்று பெயர். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் இரண்டையும் செய்தார்.

ராஜா கேட்ட கேள்விகள் இன்றைய விண்ணப்பத் தாளில் அப்படியே இருக்கின்றன. எவ்வளவு காலம் ஆகும்? எப்போது திரும்பி வருவாய்? நெகேமியா திகைக்கவில்லை. காலத்தைக் குறித்துச் சொல்கிறார். நதிக்கு அப்புறத்திலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்கிறார். இன்று இதற்கு அனுமதிக் கடிதம் என்று பெயர். வனத்துக் காவலாளனாகிய ஆசாப்புக்கு ஒரு கடிதம் வேண்டும், மரம் தரும்படி என்கிறார். எதற்கு மரம் என்றும் பிரித்துச் சொல்கிறார்: அரண் வாசல்களுக்கு, அலங்கத்துக்கு, தான் தங்கப்போகிற வீட்டுக்கு. அந்தக் கடைசிச் செலவைக் கவனியுங்கள். வேலையை நடத்துகிறவர் தங்க ஒரு கூரை வேண்டும். அதை ஒளிக்காமல் கேட்டுவிட்டார். நம் ஆட்கள் விண்ணப்பம் எழுதும்போது, பலகைக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டு, காப்பீட்டுப் பணம், தேநீர்ச் செலவு, சொல்லிக்கொடுக்க வருகிற தோட்டக்காரருக்குக் கூலி இவற்றையெல்லாம் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். பாதியில் வேலை நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

இன்னொன்று. அவர் மரம் கேட்டார், கல் கேட்கவில்லை. கல் எருசலேமிலேயே கிடந்தது. எரிந்துபோன மண்மேட்டுக் குவியலுக்குள் கிடந்தது. அதைத் தோண்டி எடுக்கவேண்டியது ஜனங்கள். எது நம்மிடத்தில் இருக்கிறதோ அதைக் கேட்காமல், எது இல்லையோ அதைக் கேட்டார். மானியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு காரியத்தில் அடங்கிவிடும். மரம் வெளியிலிருந்து வரலாம், கல் நம்முடையதாக இருக்கவேண்டும்.

கல்லை யார் சுமந்தார்கள் என்று மூன்றாம் அதிகாரம் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. பெயர்கள் வாயில் நுழையாது என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரம். தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார், வியாபாரிகள் இருக்கிறார்கள், சல்லூம் என்பவரின் குமாரத்திகள் இருக்கிறார்கள். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிராக இருந்த பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்கவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்திலும் கமிட்டியில் பேசிவிட்டு வேலை நாளில் காணாமற்போகிறவர்கள் இருந்திருக்கிறார்கள்! (சிரிக்கிறவர்களை நான் பார்க்கவில்லை.)

இனி லாட்டரி. யாழ்ப்பாணத்தார் லொத்தர் என்பீர்கள். இந்த நாட்டில் தேசிய லாட்டரி 1994-ல் தொடங்கியது. விற்கிற சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு நற்காரியங்களுக்குப் போகிறது. அதில் நூற்றுக்கு 40 சமூக வேலைகளுக்கு. சிறிய குழுக்களுக்கான அவர்களுடைய மானியம் 300 பவுண்டிலிருந்து 20,000 வரை. சிறிய சபைகளும் சங்கங்களும் முதலில் போய்த் தட்டுகிற கதவு அதுதான். கதவு அகலமானது, விண்ணப்பமும் ஓரளவு எளியது. ஆனாலும் அது சூதாட்டத்திலிருந்து வந்த பணம்தானே என்கிற கேள்வி நிற்கிறது. இந்த நாட்டின் பழைய சபைகளுக்குள்ளும் அது எழுந்தது; ஒரே ஊரில் ஒரு சபை வாங்கினது, அடுத்த சபை வாங்கவில்லை.

எஸ்றாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரையும் அதே அர்தசஷ்டா அனுப்பினான். வழியில் எதிரிகள் உண்டு. ஆனாலும் ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டார். எங்கள் தேவன் எங்களைக் காப்பார் என்று சொல்லியாயிற்று, இனி எந்த முகத்தோடு படை கேட்பது என்று ஆற்றங்கரையில் உபவாசம்பண்ணிப் புறப்பட்டார். நெகேமியாவோ ராஜா அனுப்பின சேனாபதிகளோடும் குதிரைவீரரோடும் வந்து சேர்ந்தார். இரண்டு பேருடைய புஸ்தகமும் வேதத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒருவரை மற்றவர் குறைசொன்னதாக ஒரு வார்த்தையும் இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன்: நம்முடைய முதல் விண்ணப்பத்துக்கு லாட்டரிப் பணம் வேண்டாம். அது பாவப்பணம் என்று தீர்ப்பு கொடுக்க நான் வரவில்லை. கிரீன் ஸ்ட்ரீட்டிலும் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டிலும் பந்தயக் கடைகளுக்கு முன்னால் நிற்கிறவர்களை நாம் ஒவ்வொரு நாளும் கடந்து போகிறோம். சூதினால் கலங்கின குடும்பங்கள் நம் மத்தியிலும் உண்டு. அவர்கள் இந்தத் தோட்டத்துக்குள் வரும்போது வாசலில் லாட்டரியின் அடையாளப் பலகை இருந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? பணம் பெற்றவர்கள் அந்தச் சின்னத்தை வெளியே காட்டத்தான் வேண்டும். வேறு கதவுகள் திறந்திருக்கும்போது இதைத் தட்டி ஒரு சகோதரியின் மனச்சாட்சியைப் புண்படுத்துவானேன்?

வேறு கதவு எது? நம்முடைய நியூஹாம் கவுன்சிலே 2021-ல் தொடங்கின ஒரு திட்டம் இருக்கிறது. 'பீப்பிள் பவர்டு பிளேசஸ்' என்று பெயர். பழைய வெஸ்ட் ஹாம் கால்பந்து மைதானம் இருந்த இடத்தில் 2016-க்குப் பிறகு எத்தனை மாடி எழும்பினது என்று பார்த்தீர்கள். இப்படிப் புதிதாகக் கட்டுகிறவர்கள்மேல் ஒரு தீர்வை விதிக்க 2010 முதல் விதிமுறை உண்டு. அதில் ஒரு பங்கை, பொதுவாக நூற்றுக்கு 15-ஐ, அந்தந்தப் பகுதியில் குடியிருக்கிறவர்களைக் கேட்டுச் செலவிடவேண்டும். அதைத்தான் இந்தத் திட்டத்தில் போட்டார்கள். அக்கம்பக்கமாகப் பிரித்தார்கள்; கிரீன் ஸ்ட்ரீட் பகுதி அதில் ஒன்று. யோசனை சொல்வதும் ஜனங்கள், வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதும் ஜனங்கள். நம் தெருவில் தூசியும் இரைச்சலும் கிளப்பிக் கட்டினார்கள். அதற்கு ஈடாக வந்த பணத்தில் நம் தெருவுக்கு ஒரு பச்சை இடம் கேட்பதைக் கையேந்துதல் என்று யாராவது சொல்வார்களா? அந்தப் பணத்தைக் கேட்க நமக்கு எவ்வளவு உரிமையோ, அவ்வளவு உரிமை எதிர்வீட்டு வங்காளிக் குடும்பத்துக்கும் உண்டு. அதை மறக்காமலிருந்தால் போதும்.

அங்கேதான் மூன்றாவது கேள்வி நிற்கிறது. இப்படிப்பட்ட பணத்தை வாங்கி ஆராதனை நடத்தக்கூடாது, பிரசங்கம் செய்யக்கூடாது. தோட்டம் எல்லா மதத்தாருக்கும், மதமே வேண்டாம் என்பவருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவேண்டும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இதே பொதுப்பணத்தை வாங்கி வேறொரு மதத்தார் நம் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்தால் சும்மா இருப்போமா? பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் சுத்தமாக்கினார். திரும்பி வந்தவன் ஒருவன். ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதேசமயம் ஒரு வரம்பும் இருக்கட்டும். எந்த நிதிக்காரராவது, மண்டபத்துச் சுவரில் இருக்கிற சிலுவையை இறக்குங்கள், நீங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லாதீர்கள் என்று கேட்டால், அந்தப் பணம் நமக்கு வேண்டாம். நாம் யார் என்பதை ஒளிக்கவும் வேண்டாம், சுரைக்காயோடு துண்டுப்பிரசுரத்தைச் சுற்றிக் கொடுக்கவும் வேண்டாம்.

சுரைக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கிழக்கு லண்டனில் சுரைக்காயை நன்றாக வளர்க்கிறவர்கள் வங்காளி அம்மாமார். கொல்லையில் கம்பு கட்டி, படரவிட்டு, ஆகஸ்டு மாதத்தில் தொங்கவிடுகிறார்கள். நமக்குத் தெரிந்தது முருங்கை. அது இந்தக் குளிருக்கு நிற்காது. கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, புதினா, அவரை, சிவப்புத் தண்டுக்கீரை இவையெல்லாம் கோடையில் வரும். எப்படி என்று கேட்க நாம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் ஆராதிக்கிறோம். அந்தக் கதவை எத்தனை பேர் தட்டியிருப்போம்? விண்ணப்பத் தாளில், "இது உங்கள் வட்டாரத்துக்குத் தேவை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் கமிட்டி அறையில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. நெகேமியாகூட எருசலேமுக்கு வந்தவுடன் கூட்டம் போடவில்லை. மூன்று நாள் கழித்து, ராத்திரியில், சில மனுஷரைக் கூட்டிக்கொண்டு, இடிந்த சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

நிர்வாக விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. மானியம் கொடுக்கிறவர்கள் சங்கத்துக்கு எழுதிய விதிமுறை கேட்பார்கள், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு கேட்பார்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பார்கள், இடத்தின் காகிதம் கேட்பார்கள். இவையெல்லாம் நம்மிடம் இருக்கின்றன, அல்லது ஒரு மாதத்தில் செய்துகொள்ளலாம். காசோலையில் கையெழுத்துப் போடுகிற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக்கூடாது, ஒரே வீட்டில் குடியிருக்கக்கூடாது என்பார்கள். நம்முடைய சபைகளில் இது பெரிய சோதனை! தலைவருக்குச் செயலாளர் மைத்துனர், செயலாளருக்குப் பொருளாளர் சம்பந்தி, மூன்று பேருக்கும் நடுவே ஒரு சித்தப்பா. யாரையும் சந்தேகப்பட்டுப் போட்ட விதி அல்ல இது. யோவாஸ் ராஜாவின் நாளில் ஆலயத்தைப் பழுதுபார்க்க ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுக் காணிக்கை வாங்கினார்கள். பணம் சேர்ந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும், இரண்டு பேரும் சேர்ந்துதான் எண்ணினார்கள். பவுல் அப்போஸ்தலரும் எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போக விரும்பவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட வேறு சகோதரரையும் கூட வைத்துக்கொண்டார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு.

செலவு முடிந்தபின் கணக்கும் அறிக்கையும் கொடுக்கவேண்டும். ரசீதுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பதை இன்றைக்கே தொடங்கலாம். பத்துப் பாத்தி போடுவோம் என்று எழுதிக் கொடுத்து ஆறுதான் போட முடிந்தது என்றால் ஆறு என்று எழுதவேண்டும். மழை பெய்து ஒருவரும் வராத சனிக்கிழமையையும் எழுதவேண்டும். அப்படி எழுதுகிறவர்களை நம்பி அடுத்த முறையும் கொடுக்கிற நிதிக்காரர்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் மறுக்கப்படலாம், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். கேட்கிறவர்கள் அதிகம், பணம் கொஞ்சம். வாலிபர்கள் சோர்ந்துபோவார்கள். ஆகையால் கமிட்டிக்கு நான் வைக்கிற யோசனை இது: மானியம் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு பாத்தி நம்முடைய செலவில் போட்டுவிடுவோம். வருகிற ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் கிடைப்பதில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். அதுதான் நம்முடைய கல். வெஸ்ட் ஹாம் பார்க்கின் ஐயாயிரத்தைப் போல.

இப்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அசனம் முடிந்ததும் பின்முற்றத்துக்கு வாருங்கள். அளவு நாடா இரண்டு வைத்திருக்கிறேன். நீளம், அகலம், எந்த மூலையில் எத்தனை மணிவரை வெயில் விழுகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து எழுதவேண்டும். பெரிய எழுத்தில் எழுதுங்கள். கவுன்சிலுக்கு அனுப்புகிற விண்ணப்பத்தில் அந்தப் படத்தையே சேர்க்கப்போகிறோம். நாற்காலிகளை நகர்த்த வாலிபர்கள் நான்கு பேர் வேண்டும். பெரியவர்களில் வங்காள மொழி கொஞ்சம் பேசத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து என்னிடம் பெயர் கொடுங்கள். அடுத்த சனிக்கிழமை காலையில் வீடு வீடாகப் போகிறோம்.